பால் புட்டி வாங்குவதற்கு முன்

பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் நாளில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "எந்தக் கம்பெனி பாட்டில் சார் நல்லது?" பெரும்பாலும் குழந்தையின் தந்தையோ பாட்டியோதான் கேட்கிறார்கள். சிலர் புட்டி, பிரஷ், சூப்பான் எல்லாம் அடங்கிய பெட்டியை முன்பே வாங்கி வைத்துவிட்டு, அது சரியானதுதானா என்று உறுதி செய்துகொள்ள வருகிறார்கள்.

நாங்கள் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்வதில்லை. சிலருக்கு இது வருத்தமளிப்பதையும் அறிவோம். பால் மாவு, பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விற்பனையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் சட்டம் 1992இல் இயற்றப்பட்டு, 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. அதன்படி இப்பொருட்களை விளம்பரம் செய்தல் கூடாது. இலவச மாதிரி கொடுத்தல் கூடாது. மருத்துவமனைச் சுவரில் இவற்றைப் பரப்பும் சுவரொட்டியும் கூடாது. பால் மாவு டின்னில் கொழுகொழு குழந்தையின் படமோ தாயின் படமோ இல்லாதிருப்பதும் இச்சட்டத்தினால்தான். ஆனால் எங்கள் மௌனத்திற்குச் சட்டம் மட்டுமே காரணமன்று. எந்தப் புட்டி என்பதைக் காட்டிலும், இந்தக் குழந்தைக்குப் புட்டி எதற்காக என்ற கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது.

அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் "பால் பற்றவில்லை" என்பதாகவே இருக்கிறது. குழந்தை அழுவதை மட்டும் வைத்து இதை முடிவு செய்தல் தவறு. முதல் வாரம் கழிந்த பின் ஒரு நாளில் ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியதா, அதன் பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பால் பற்றுகிறது என்பதே பொருள். இல்லையெனில் முதலில் வர வேண்டிய இடம் மருத்துவமனை, கடை அன்று. குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் சற்றே திருத்தினால் பல தாய்மாருக்கு இரண்டு மூன்று நாட்களில் நிலைமை மாறிவிடுகிறது.

உண்மையிலேயே வேறு வழி தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. தாயை இழந்த குழந்தை, தாய் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தை, குறைமாதத்தில் பிறந்து உறிஞ்ச வலுவில்லாத குழந்தை, அண்ணப் பிளவுள்ள குழந்தை, வேலைக்குச் செல்லும் தாய் பீய்ச்சி வைத்துச் செல்லும் பாலைக் குடிக்கும் குழந்தை. இக்கட்டுரை அந்தக் குடும்பங்களுக்காகவே.

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த ஒரு பாட்டியை இங்கே நினைவுகூர்கிறோம். அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். மகள் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டதால் இரண்டரை மாதப் பேரனை அவர்தான் வளர்த்து வந்தார். ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. மூன்று வாரங்களாக எடையும் கூடவில்லை. "வயிறு நிறையத்தான் சார் குடிக்குது" என்று மீண்டும் மீண்டும் சொன்னார். பையிலிருந்து புட்டியை எடுக்கச் சொன்னோம். விலை உயர்ந்த புட்டிதான். காம்பின் துளை ஊசியைச் சுட்டுப் பெரிதாக்கப்பட்டிருந்தது. மூடியின் உள்வளையத்தில் பழைய பால் படிந்து புளித்த வாடை வீசியது. டின் பத்து நாள் கூடுதலாக வர வேண்டுமென்று, இரண்டு கரண்டி மாவு போட வேண்டிய நீருக்கு ஒரு கரண்டியே போட்டு வந்திருக்கிறார். குழந்தையின் வயிறு நிறைந்தது உண்மை. நிறைந்ததில் பாதி தண்ணீர். அந்தப் பாட்டியின் அன்பில் எக்குறையும் இல்லை. புட்டியைக் கழுவுவது எப்படி, மாவைக் கரைப்பது எப்படி என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தை ஆறு நாட்கள் உள்நோயாளியாக இருந்து நலமுடன் வீடு சென்றது. செல்லும்போது அவர் கையில் நாங்கள் கொடுத்தனுப்பியது ஒரு பாலாடை.

பாலாடை, சங்கு என்றெல்லாம் வழங்கப்படும் மூக்குள்ள சிறு கிண்ணத்தை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. தாய்வீட்டுச் சீராக வெள்ளிச் சங்கு வருவதும் உண்டு. பாத்திரக் கடையில் கிடைக்கும் எவர்சில்வர் சங்கே போதுமானது. இதில் திருகு மூடி இல்லை, ரப்பர் இல்லை, விரல் எட்டாத மூலை இல்லை. சோப்பு நீரில் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் குறைமாதக் குழந்தைகளுக்கு நாங்கள் பாலூட்டுவதும் இதைக் கொண்டுதான். புட்டிக் காம்பில் உறிஞ்சும் முறை வேறு, மார்பில் உறிஞ்சும் முறை வேறு. புட்டியில் பழகிய குழந்தை மார்பைப் பற்ற மறுக்கக்கூடும். சங்கில் குடிக்கும் குழந்தைக்கு அந்தக் குழப்பம் நேர்வது குறைவு.

ஊட்டும் முறை முக்கியம். குழந்தையை மடியில் சாய்வாக உட்கார்ந்த நிலையில் வைத்து, சங்கின் மூக்கை வாயோரத்தில் பொருத்தி, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்கிய பின்னரே அடுத்த வாய். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் ஊற்றுதல் கூடவே கூடாது. பால் நுரையீரலுக்குள் செல்லும். (அதே சங்கில் விளக்கெண்ணெயும் உரை மருந்தும் புகட்டும் வழக்கத்தை இப்போதாவது விட்டுவிடலாம்.)

சங்கில் ஊட்ட நேரமோ ஆளோ இல்லாத வீடுகள் உண்டு. அவர்கள் புட்டியைத்தான் நாடுவார்கள். அவர்களுக்குச் சொல்வது இது: உங்கள் வீட்டில் மிக எளிதாகக் கழுவக்கூடிய புட்டி எதுவோ அதுவே நல்ல புட்டி. விரல்கள் உள்ளே செல்லும் அகன்ற வாய், நேரான பக்கங்கள், குறைந்த பாகங்கள். வயிற்றில் காற்று சேராமல் தடுக்கும் என்று குழாயும் வால்வும் வைத்த புட்டிகள் விற்கப்படுகின்றன. குழந்தையின் அழுகை அவற்றால் குறைகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. பால் ஒளிந்துகொள்ளும் இடங்கள் கூடுகின்றன என்பது கண்கூடு. கோழி, கரடி வடிவப் புட்டிகள் அழகுக்கு மட்டுமே.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத புட்டியை வாங்க வேண்டாம். பிளாஸ்டிக் புட்டியில் ஐ.எஸ். 14625 என்ற எண் இருக்க வேண்டும். பழைய பாலிகார்பனேட் வகையில் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் கசியும் என்பதால், அக்காவின் குழந்தை குடித்த பழைய புட்டியை எடுத்துப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. இப்போது விற்கப்படும் பாலிபுரொப்பிலீன் புட்டியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆயினும் அதில் கொதிநீர் ஊற்றிக் குலுக்கும்போது நுண்பிளாஸ்டிக் துகள்கள் பெருமளவில் உதிர்வதாக அயர்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். அவற்றால் குழந்தைக்கு விளையும் தீங்கு இன்னும் நிறுவப்படவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பாலைக் கரைத்து, ஆறவிட்டு, அதன் பின் புட்டியில் ஊற்றினால் அக்கவலை பெரிதும் நீங்கும். கண்ணாடிப் புட்டி கொதிப்பைத் தாங்கும், கைதவறினால் உடையும். எவர்சில்வர் புட்டி உடையாது. உள்ளே அழுக்கிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

காம்பு மெதுவாகச் சொட்டுவதாக இருக்கட்டும். புட்டியைக் கவிழ்த்தால் பால் துளித்துளியாக விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் அது பிறந்த குழந்தைக்கு ஏற்றதன்று. துளையை ஊசியால் பெரிதாக்க வேண்டாம். பிசுபிசுத்த, வெடித்த, நிறம் மாறிய காம்பைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று புட்டிகள், அதற்கென்று தனியாக ஒரு பிரஷ், மூடியுள்ள பாத்திரம் ஒன்று: வாங்க வேண்டியவை இவ்வளவே. மின்சார ஸ்டெரிலைசர், சூடேற்றும் கருவி, புட்டி உறை, சூப்பான் இவற்றுக்கான பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

குடித்து முடித்த உடனேயே புட்டியின் எல்லாப் பாகங்களையும் பிரித்து, சோப்பு நீரில் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் முழுவதும் மூழ்கும்படி நீர் ஊற்றி, கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் கொதிக்க வைத்தால் புட்டியில் வெள்ளைப் படலம் படியும். அது நஞ்சன்று, ஆனால் சொரசொரப்பான அந்தப் படலத்தில் பால் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் காய்ச்சாமல் கொடுக்கத் தக்கவை அல்ல.

பால் மாவு கிருமியற்ற பொருள் என்று பலரும் எண்ணுகின்றனர், அவ்வாறு அன்று. ஆகையால் கொதித்து இறக்கிய நீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லிட்டர் நீரானால் இறக்கிய அரை மணி நேரத்திற்குள். முதலில் நீர், பிறகு மாவு. எத்தனை மில்லி நீருக்கு ஒரு கரண்டி என்பதை டின்னில் பார்த்து, அதே டின்னின் கரண்டியால், தலைதட்டி அளவிடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நன்றாக ஆறிய பின், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். எஞ்சிய பாலை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. டின் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். தண்ணீர் கூட்டுவதைவிட அதற்கு நல்ல வழிகள் உண்டு. வீட்டில் கறவை மாடு இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ஒரு வயது வரை பசும்பால் குழந்தையின் முதன்மை உணவாக இருக்கத் தக்கதன்று. இரும்புச் சத்துக் குறைந்து இரத்தசோகை வரும்.

வேலைக்குச் செல்லும் தாய் பீய்ச்சி வைக்கும் பாலை நம் ஊர் வெயிலில் நான்கு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் ஒரு நாள் வைக்கலாம்; கதவில் வேண்டாம். அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள்.

புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அகலாதீர்கள். புட்டியுடன் உறங்கும் பழக்கம் காதில் சீழையும் பல் சொத்தையையும் கொண்டுவரும். ஆறு மாதமானதும் சிறு டம்ளரில் பழக்கத் தொடங்கலாம். ஓராண்டு நிறைவதற்குள் புட்டியை நிறுத்திவிட வேண்டும்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துவரும்போது, புட்டியையும் டின்னையும் அதன் கரண்டியையும் எடுத்து வாருங்கள். புட்டியில் உள்ள மில்லி கோடுகள் அழிந்தோ தவறாகவோ இருப்பதுண்டு. எங்கள் செவிலியர் சிரிஞ்சால் அளந்து சரிபார்த்துக் கொடுப்பார்கள். கழுவாமல் கொண்டுவந்தாலும் கோபிக்க மாட்டோம். வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பார்ப்பதுதான் எங்களுக்கு உதவும்.