எப்போது வந்தாலும் வா

காலை நேரம். பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. அதற்குள் தையல் மிஷின் சத்தம் கேட்கிறது.

இது கார்டன் ரீச். கொல்கத்தா நகரின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. இங்கே கப்பல் கட்டும் தளம் உண்டு. நம் கடற்படைக்குப் போர்க்கப்பல் கட்டுகிறார்கள். பக்கத்தில் உள்ள மெட்டியாபுரூஸ் ஆயத்த ஆடைக்குப் பேர்போன இடம். குறுகிய சந்துகள். நெருக்கமான வீடுகள். பல வீடுகளில் தையல் பட்டறைகள்.

படிப்பை விட்ட பையன் எங்கே போவான்? பட்டறைக்குப் போவான். காஜா எடுப்பான். பட்டன் கட்டுவான். கையில் கூலி வரும். வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் கப்பல் தளத்தில் வெல்டர் ஆக வேண்டும் என்றால் படிப்புச் சான்று வேண்டும். அது அவனிடம் இல்லை.

அவனுக்குப் படிக்க ஆசை இல்லையா? இருக்கிறது. கூடவே வெட்கமும் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துப் போனால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று ஆசிரியர் திட்டினால் போதும். மறுநாள் வரமாட்டான்.

இப்படிப் படிப்பை இழந்த பிள்ளைகளுக்கு அதே கொல்கத்தாவில் ஓர் ஆசிரியை வழி காட்டினார். அவர் பெயர் சிஸ்டர் சிரில் மூனி. அயர்லாந்து நாட்டில் பிறந்தவர். 1956-ல் இந்தியாவுக்கு வந்தார். 1979-ல் சியால்டாவில் உள்ள லொரேட்டோ பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனார்.

சியால்டாவில் பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே நடைபாதையில் பிள்ளைகள் வாழ்ந்தார்கள். பள்ளிக்கு உள்ளே சீருடை அணிந்த சிறுமிகள். வெளியே கிழிந்த உடையில் சிறுமிகள். நடுவில் ஒரு கதவு. 1985-ல் சிஸ்டர் அந்தக் கதவைத் திறந்தார்.

"எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்பதுதான் ஏற்பாடு. தினமும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வந்த பிள்ளையை யாரும் திட்டவில்லை. பள்ளி மாணவிகளே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு மாணவி. ஒரு சிறுமிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறுமி உட்கார்ந்தாள். அதனால் பயம் போயிற்று. படிக்கத் தேறிய பிள்ளைகளை முறையான வகுப்பில் சேர்த்தார்கள். இரவில் தங்க இடம் இல்லாத சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே இடம் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு "வானவில் பிள்ளைகள்" என்று பெயர்.

1990களில் அந்தப் பள்ளியில் சுமார் 1,400 பேர் படித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கட்டணம் இல்லாமல் படித்தார்கள். 2007-ல் அரசு சிஸ்டருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 2023-ல் காலமானார். வானவில் இல்லங்கள் பின்னர் சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களிலும் தொடங்கப்பட்டன.

பெரியோர்களே, உங்களையே நினைத்துப் பாருங்கள். நீங்கள் வேலை முடிந்து மாலையில் எழுதப் படிக்க வந்தீர்கள். பகலில் வகுப்பு வைத்திருந்தால் வந்திருப்பீர்களா? முதல் நாள் யாராவது சிரித்திருந்தால் மறுநாள் வந்திருப்பீர்களா? பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கல்வி இலவசம். நடுவில் நின்றவர்களை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 14 வயது ஆகாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். 14 வயது முடிந்தவர்கள் திறந்தநிலைப் பள்ளி மூலம் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

உங்கள் தெருவிலும் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருக்கலாம். திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். முதல் நாள் துணைக்கு ஒருவர் வந்தால், மறுநாள் பிள்ளை தானே போகும்.

பேசுவோம்

1. கார்டன் ரீச் பையன் மீண்டும் பள்ளிக்குப் போக ஏன் தயங்குகிறான்?
2. சிஸ்டர் சிரில் எந்த ஆண்டு பள்ளிக் கதவைத் திறந்தார்?
3. நம் தெருவில் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர்களை எழுதுங்கள். முதலில் யார் வீட்டுக்குப் போகலாம்?