சார்டினிய மொழியைக் கேட்கப் போகிறீர்களா? நுவோரோவில் தங்குங்கள்

சார்டினிய மொழி காதில் விழவேண்டுமென்றால் கடற்கரை விடுதியில் அறை போடாதீர்கள். இத்தாலியின் சார்டினியா தீவின் நடுவே பார்பாஜா என்ற மலைப்பகுதி இருக்கிறது. அதன் முக்கிய ஊரான நுவோரோவில் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். கால்யாரியிலிருந்தும் ஓல்பியாவிலிருந்தும் பஸ் உண்டு. நுவோரோவிலிருந்து கிராமங்களுக்குப் போக வாடகைக் கார்தான் வசதி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது.

காலையில் கடைக்குள் நுழைந்ததும் 'போனா தியே' என்று வணக்கம் சொல்லுங்கள். பதில் இத்தாலியத்தில் வரலாம். வெளியூர்க்காரரிடம் அப்படிப் பேசுவதே இங்கே பழக்கம். ஆனால் சார்டினியத்தை இத்தாலியத்தின் வட்டார வழக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லத்தீனிலிருந்து தனியாகக் கிளைத்த மொழி இது. இத்தாலியின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சிறுபான்மை மொழியாக ஏற்றிருக்கிறது. அப்படியும் யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்கூடம் இத்தாலியத்தையே கேட்டதால் பெற்றோரும் வீட்டில் பிள்ளைகளிடம் அதையே பேசினார்கள். அதனால் முதியவர்கள் உட்கார்ந்திருக்கும் காபிக் கடையே உங்களுக்கு நல்ல இடம்.

ஒரே ஒரு கிராமத்துக்குத்தான் நேரம் என்றால் ஓர்கோசோலோ போங்கள். தெருவெங்கும் சுவரோவியங்கள். 1969-இல் ராணுவம் பிரதோபெல்லோ மேய்ச்சல் நிலத்தைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு எடுக்க வந்தபோது ஊரே திரண்டு அங்கே போய் உட்கார்ந்தது; ராணுவம் திரும்பிப் போனது. அந்த நினைவும் இந்தச் சுவர்களில் உண்டு. ஓவியத்தோடு எழுதியிருப்பதையும் நின்று பாருங்கள், சில இடங்களில் சார்டினிய மொழி தென்படும்.

இன்னொரு கிராமமான பித்தியில் 'கான்து அ தெனோரே' பாட்டுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. நான்கு ஆண்கள் நெருங்கி வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பாட்டை எடுப்பார். மற்ற மூவர் சேர்ந்து தாங்குவார்கள். அடித்தொண்டையிலிருந்து எழும் அந்தக் கார்வை நெஞ்சில் அதிரும். நேரில் கேட்க வாய்த்தால் மற்றத் திட்டங்களைத் தள்ளிப்போடுங்கள்.

நுவோரோவில் 1926-க்கான இலக்கிய நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கிராத்சியா தெலேத்தா பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வார இறுதிகளில் கிராமங்கள் முறைவைத்துத் தங்கள் முற்றங்களைத் திறந்துவிடும். கராசாவ் ரொட்டி சுடுவதை அப்போது பார்க்கலாம். விறகடுப்பில் பூரிபோல் உப்பியதும் கத்தியால் இரண்டு தட்டாகப் பிளந்து மறுபடி மொறுமொறுவென்று சுடுவார்கள். ஆட்டிடையர்கள் மலைக்குக் கொண்டுபோன ரொட்டி, பல நாள் கெடாது. ஒரு கட்டு வாங்கி, உடையாமல் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.