காட்சிப் பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு: மின்சாரம் பெற்றதும் அது தொடங்கும் விதம்

மழைமானிகள், மின்கல மின்னேற்றக் கருவிகள், பாலிடெக்னிக் சோதனைச்சாலையின் பயிற்சிப் பலகைகள் முதலியவற்றில், வரிக்கு 16 எழுத்துகளாக இரு வரிகளைக் காட்டும் சிறிய திரவப் படிகப் பலகை அமைந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். மின்சாரம் தடைப்பட்டு மீண்ட பின், இதன் மேல் வரியில் மட்டும் கரிய கட்டங்கள் தோன்றி, கீழ் வரி வெறுமையாக நிற்பதுண்டு. பலகை பழுதுற்றதெனக் கருதி உடனே அதைக் கழற்றிவிடுதல் ஆராயாது செய்யும் செயலாகும். பலகை நன்னிலையில் இருந்து, அதற்கு உரிய கட்டளைகள் சென்று சேராதபோதும் இதே தோற்றம் ஏற்படும்.

இப்பலகைகளின் பின்புறத்தில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு, ஜப்பானிய நிறுவனமான ஹிட்டாச்சி வகுத்த எச்.டி.44780 என்பதாகவோ, அதன் கட்டளைகளையே ஏற்கும்படி பிறர் ஆக்கிய சில்லாகவோ பெரும்பாலும் இருக்கும். 80 எழுத்துகளைத் தாங்கும் நினைவகம் ஒன்று இதனுள் உண்டு. கருவியின் செயலி ஒருமுறை எழுதியதை இச்சில்லு தானே இடைவிடாது திரையில் புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஆகவே, செயலி இடையில் நின்றுபோயினும் கடைசியாக எழுதப்பட்ட அளவு திரையில் அப்படியே தெளிவாக நிற்கும். களப் பணியாளர் இதனை மறத்தலாகாது. நேற்றைய மழையளவு இன்றைய பதிவேட்டில் ஏறிவிடுவது இவ்வாறே. ஓடும் கடிகாரமோ, மாறிவரும் ஏதேனும் ஓர் இலக்கமோ திரையில் உண்டா என்று பார்த்த பின்னரே அளவைக் குறித்தல் நலம்.

மின்னழுத்தம் உயர்ந்து 4.5 வோல்ட்டை எட்டியதும் சில்லின் உள்ளமைந்த சுற்று அதனை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருகிறது. ரீசெட் என வழங்கப்படுவது இதுவே. இதற்கு ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். அதுகாறும் சில்லு எக்கட்டளையையும் ஏற்பதில்லை. இதன் முடிவில் எழுத்து நினைவகம் வெற்றிடங்களால் நிரம்பியிருக்கும்; காட்சி அணைந்திருக்கும்; தகவல் 8 கம்பிகளின் வழியே வருமென்றும், காட்ட வேண்டியது ஒரே வரி என்றும் சில்லு கொண்டிருக்கும். கரிய கட்டங்களின் காரணம் இக்கடைசிச் செய்தியிலேயே அடங்கியுள்ளது. ஒரு வரிக்கான ஓட்டத்தில் ஒவ்வொரு புள்ளி வரிசைக்கும் எட்டில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. இரு வரிக்கான ஓட்டத்திலோ பதினாறில் ஒரு பங்கே கிடைக்கும். இரு வரிக்கென ஒளிமாறுபாடு திருத்தப்பட்ட பலகை ஒரு வரி ஓட்டத்தில் இயங்கும்போது, அணைந்திருக்க வேண்டிய புள்ளிகளும் கருமையடைகின்றன. எனவே, கரிய கட்டங்கள் தோன்றுமாயின் பலகைக்கு மின்சாரம் வருகிறதென்பதும் சில்லு ஓடுகிறதென்பதும் பெறப்படும்.

உள்ளமைந்த சுற்றோ எக்காலத்தும் நம்பத்தக்கதன்று. மின்னழுத்தம் 0.2 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரை உயர 0.1 முதல் 10 மில்லி விநாடிக்குள்ளான காலமே ஆகவேண்டும். அதற்குமுன் குறைந்தது 1 மில்லி விநாடியேனும் மின்னழுத்தம் 0.2 வோல்ட்டுக்குக் கீழ் தங்கியிருத்தல் வேண்டும். கிராமப்புற மின்பாதையில் மின்னழுத்தம் தாழ்ந்து மீளும்போது இவை நிறைவேறுவது அரிது. மின்னழுத்தம் 3 வோல்ட் வரை இறங்கி மீண்டால், சில்லு முற்றிலும் அணையவுமில்லை, ஒழுங்காக இயங்கவுமில்லை. பெரிய மின்தேக்கி ஒன்றைச் சேர்த்துவிட்டால் இக்குறை தீருமென்று எண்ணுவோர் உளர். அம்மின்தேக்கியால் உயர்வு 10 மில்லி விநாடியைக் கடந்துவிடலாம். அணைத்த பின்னும் எஞ்சிய மின்னேற்றம் 0.2 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவிடாது தடுக்கலாம். விசையை அணைத்து மறுகணமே போடுவதால் பயன் விளையாமைக்கும் காரணம் இதுவே. சில விநாடிகள் பொறுத்துப் போடுதல் வேண்டும்.

இக்குறையை உணர்ந்தே, கட்டளைகளால் சில்லைத் தொடங்கும் முறையொன்றைத் தயாரிப்பாளர் வகுத்தனர். மின்னழுத்தம் 4.5 வோல்ட்டை எட்டிய பின் 15 மில்லி விநாடிக்கு மேல் பொறுத்து, மேல் நான்கு கம்பிகளில் 0011 என்பதைச் செலுத்துக, 4.1 மில்லி விநாடிக்கு மேல் பொறுத்து அதனையே மீண்டும் செலுத்துக. 100 மைக்ரோ விநாடிக்கு மேல் பொறுத்து மூன்றாம் முறையும் செலுத்துக. ஒன்றையே மும்முறை சொல்வது வீண் வேலையெனத் தோன்றலாம். மாணவர் எழுதும் நிரல்களில் முதலில் வெட்டப்படுவதும் இப்பகுதியே!

காரணம் எளிது. கம்பிகளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுப் பல கருவிகளில் நான்கு கம்பிகளே இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டளையும் மேற்பாதி, கீழ்ப்பாதி என இரு தவணையாகச் செல்லும். செயலி மட்டும் மறுபடி தொடங்கி, சில்லு பழைய நிலையிலேயே இருக்கும்போது, அது மூன்று நிலைகளுள் எதில் உள்ளதென்று செயலி அறியாது. சில்லு 8 கம்பி நிலையில் இருப்பின், 0011 என்பது ஒவ்வொரு முறையும் '8 கம்பி நிலைக்கு வருக' என்னும் கட்டளையாகவே கொள்ளப்படும். 4 கம்பி நிலையில் மேற்பாதியை எதிர்நோக்கியிருப்பின், முதலிரண்டும் சேர்ந்து ஒரு கட்டளையாகிச் சில்லை 8 கம்பி நிலைக்கு மாற்றும். மூன்றாவது அதனை உறுதிப்படுத்தும். கீழ்ப்பாதியை எதிர்நோக்கியிருப்பின், முதலாவது ஏதோ ஒரு பழைய பாதியுடன் சேர்ந்து கழியும். அடுத்த இரண்டும் சேர்ந்து அதே மாற்றத்தைச் செய்யும். எவ்விதமாயினும் மூன்றின் முடிவில் சில்லு 8 கம்பி நிலையிலேயே நிற்கும். முதல் இடைவெளி நீண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தப் பழைய பாதியுடன் சேர்ந்து உருவாகும் கட்டளை, 1.52 மில்லி விநாடி கொள்ளும் ஒன்றாகவும் அமைந்துவிடலாம். பிற கட்டளைகளிற் பல 37 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். இதன் பின்னரே 0010 செலுத்தி 4 கம்பி நிலைக்கு மாற்றி, வரிகளின் எண்ணிக்கை முதலியவற்றைத் தெரிவித்தல் வேண்டும்.

வேலையின் நடுவே, மின்மோட்டார் போன்றவற்றின் இரைச்சலால் சில்லு ஒரு பாதியைக் கூடுதலாக எண்ணிவிட்டால் அபாயம் வேறு வகையானது. 5 என்னும் இலக்கம் 0011, 0101 என்று செல்வது. பாதிகள் பிறழ்ந்தால், 0101 அடுத்த இலக்கத்தின் 0011 உடன் சேர்ந்து எஸ் என்னும் ஆங்கில எழுத்தாகத் தோன்றும். 4 என்பது சி ஆகும். ஆனால் 3 என்பதன் இரு பாதிகளும் ஒன்றேயாதலால், அது 3 ஆகவே நிற்கும்! எழுத்துகளுக்கிடையே ஒழுங்காகத் தெரியும் ஓர் இலக்கத்தை நம்பிப் பதிவு செய்யலாகாது. இரைச்சல் மிக்க இடங்களுக்கான நிரலில், மேற்கூறிய தொடக்க முறையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் நடத்துவது தக்கது.

வகுப்பில் இதனைக் காட்டுவது எளிது. பலகைக்கு மின்சாரமும் ஒளிமாறுபாட்டுத் திருகும் மட்டும் இணைத்துக் கரிய கட்டங்களை முதலில் காட்டலாம். பின்னர், சரியாக எழுதப்பட்ட நிரலால் அவை நீங்குவதைக் காட்டலாம். ட, ப, ம போன்ற எளிய தமிழெழுத்துகளை வரைந்துவைக்க, 8 வடிவங்கள் கொள்ளும் 64 பைட் நினைவகம் இச்சில்லில் உண்டு. மின்சாரம் அணைந்தால் அவ்வடிவங்கள் அழிந்துவிடும். ரீசெட் அவற்றை மீட்பதில்லை. திரும்பப் போட்டதும் அவ்விடத்தில் ஒழுங்கற்ற புள்ளிகளே இருக்குமாதலால், தொடக்க முறையின் இறுதியில் அவற்றை நிரல் மறுபடி எழுதியாக வேண்டும்.