கதையாட்டத்தில் ஊர்தி விலங்குகள்

நால்வர் ஐவர் ஒரு பலகையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதை நடத்த, ஏனையோர் அக்கதையினுள் தாமே பாத்திரங்களாகி, ‘யான் இன்னது செய்வேன்’ என்று உரைத்து, முடிவு ஐயுறவான இடத்துப் பகடை உருட்டித் துணியும் விளையாட்டொன்று உண்டு. இதனைக் கதையாட்டம் என்று ஈண்டு வழங்குவோம். அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முதல்நூல் எனத்தகும். அதற்கும் முன்னோடியாக, 1824-இல் பிரஷ்யப் படைத்தலைவர்கள் பயின்ற போராட்டம் ஒன்று இருந்தது. அதில் இரு பக்கத்தாருக்கும் நடுவே நின்று தீர்ப்புரைக்கும் நடுவர் ஒருவர் இருந்தார். கதை நடத்துவோன் என்பான் அந்நடுவரின் வழித்தோன்றலே. நம் சதுரங்கத்திலும் யானையும் குதிரையும் உள. ஆயினும் அவை பசித்தலும் அஞ்சுதலும் இல்லை. கதையாட்டத்து விலங்குகட்கோ அவ்விரண்டும் உண்டு; இல்லையெனின் அவை மரக்காய்களேயாம்.

இக்கட்டுரை அவ்விலங்குகளைப் பற்றியது. இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் எமது பிழையொன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சாரற்காலத்து விடுமுறையில் அச்சன்புதூரில் எம் வீட்டுத் திண்ணையில் மாணவர் ஐவர் கூடினர். கதைக்களம் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்திலது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், பொருநை கடலொடு கலக்குமிடத்திருந்த காயல் துறைமுகத்திற்கு ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் மரக்கலங்களில் வந்திறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழிச் சென்ற மார்க்கோ போலோ இவ்வாணிகத்தை விரித்துரைக்கின்றார். வந்த குதிரைகளுட் பெரும்பாலன ஆண்டு முடிவதற்குள் மடிந்தன என்றும், லாடம் அடித்துப் பேணுவோர் இந்நாட்டில் இல்லை என்றும், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றிற்கு ஊட்டினர் என்றும் எழுதுகின்றார். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் குதிரையொன்றின் விலையை 220 பொற்காசு எனக் குறிக்கின்றார். அயல்நாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் கதை நடத்துவோனுக்கு இதனினும் சிறந்த வித்து எங்கே கிடைக்கும்? விலையோ அரசர்க்கேயுரியது, உயிரோ ஓராண்டிற்குரியது, பேணத் தெரிந்தவனோ இல்லை.

ஆகவே ஐவரும் குதிரைக் காவலராயினர். காயலினின்று பொருநைக் கரையோரமாக ஏறி, சீவலப்பேரியிற் சிற்றாறு வந்து கலக்குமிடத்து அவ்வாற்றைப் பற்றிக்கொண்டு மேற்கே திரும்பி, அதன் கிளையாகிய அனுமாநதி வழியே வடகரைப் பக்கம் வந்து, பண்பொழித் திருமலையை வலப்புறம் விட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே ஆரியங்காவு சேர்தல் வேண்டும் என்பது பணி. வழியெல்லாம் மாணவர் அறிந்த மண். ‘அந்த வளைவில் தண்ணீர் ஆழம்’ என்று அவர்களே எமக்கு உரைத்தனர். அறிந்த ஊரில் கதை நடத்தும் நன்மை இதுவே. கதை நடத்துவோன் பாதியும் ஊர் பாதியுமாகக் கதை சொல்லும்.

நிற்க. ஊர்தி விலங்கு கதைக்குள் வந்தவுடன் மூன்று இடர்கள் தோன்றும். முதலாவது, வேகம். அச்சிட்ட விதிநூலின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆறு வினாடி கொண்ட ஒரு சுற்றில் மனிதன் 30 அடியும், ஊர்திக்குதிரை 60 அடியும், யானை 40 அடியும் நகரும். முழுமூச்சில் ஓடினால் குதிரை 120 அடி செல்லும். இது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மெய்யான குதிரை பாய்ந்தோடுங்கால் 40-ஐயும் தாண்டும். எனவே விதிநூல் குதிரையை அடக்கியே வைத்திருக்கின்றது. போர்க்களம் பலகைக்குள் அடங்க வேண்டுமன்றோ? ஏறவும் இறங்கவும் தன் நடையிற் பாதியைச் செலவிட வேண்டும் என்பதும், அடக்கி நடத்தப்படும் விலங்கு ஓடுதல், விலகுதல், ஒதுங்கித் தற்காத்தல் என்னும் மூன்றினை மட்டுமே செய்யும் என்பதும் அந்நூலின் ஏனைய விதிகள். விலங்கு தன் விருப்பின்றித் தள்ளுண்டால், மேலிருப்போன் இருபது முகப் பகடையில் தன் திறத்தையும் கூட்டிப் பத்தேனும் பெறல் வேண்டும், இன்றேல் வீழ்வான்.

இரண்டாவது இடர், குதிரையேறியோன் வாளோடு பாய, நடந்து வரும் தோழன் பின்தங்கி வாளாவிருத்தல். இதற்கு மருந்து எளிது. எல்லார்க்கும் ஊர்தி கொடு; அன்றேல் ஒருவர்க்கும் கொடாதே. கொடுக்குமிடத்து ஒரே வகையாகக் கொடாதே.

மூன்றாவதே கொடியது: மறதி. சத்திரத்து வாயிலிற் கட்டிய குதிரையை மூன்று காட்சிகள் கழிந்தபின் ஒருவரும் நினைப்பதில்லை. போர் வந்தபோது ‘குதிரை எங்கே?’ என்பார், அது தானே வந்து நிற்கும். உண்ணாது உறங்காது, வேண்டும்போது தோன்றும் இவ்விலங்கைக் குதிரை என்பதினும் வண்டி என்பது பொருந்தும். நல்ல குதிரையொன்றுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாத நீரும், யானைக்கு நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீரும் 150 கிலோகிராம் அளவிலான தீனியும் வேண்டும். இவற்றைக் கணக்கெழுதச் சொன்னால் ஆட்டம் கடைக் கணக்காகிவிடும். யாம் கண்ட வழி வேறு. ஒவ்வொரு நாட்பொழுதின் முடிவிலும் ஒரே வினா: ‘இன்றிரவு உம் குதிரை எங்கே நிற்கின்றது?’ விடை சொல்பவன் குதிரையை மறப்பதில்லை.

இவ்வினாவிற்கு எவரினும் நிரம்ப விடை சொன்னவன், பேசுவதிற் கூச்சமுடைய முதலாண்டு மாணவனொருவன். தன் குதிரைக்குச் ‘செம்பருந்து’ எனப் பெயரிட்டான். வைக்கோல் ஈரமாயிருக்கின்றது என்றான். இடப்பின்னங்காலில் நொண்டுகின்றது, நாளை இறங்கி நடப்பேன் என்றான். பாத்திரத்தின் வாயால் அன்றி அவன் எம்மிடம் பத்துச் சொற்கள் சேர்ந்தாற்போற் பேசியதில்லை.

மூன்றாம் நாள் அனுமாநதியிற் காட்டுவெள்ளம் வந்தது. பொழுதாகிவிட்டது, உணவிற்கு அழைத்துக்கொண்டிருந்தனர். கதையை விரைந்து முடிக்க எண்ணி, ‘வெள்ளத்தில் செம்பருந்து அடித்துச் செல்லப்பட்டது, நீங்கள் நால்வரும் இவனும் கரையேறினீர்கள்’ என்று யாம் ஒரே மூச்சிற் கூறி ஏட்டை மூடினோம். பகடை உருட்டச் செய்திலோம். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சலோ என்றெண்ணி அவன் வீட்டிற்குச் சென்றோம். தோட்டத்திற் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். நெடுநேரம் நின்றபின்,

“குதிரை போனது போகட்டும் அண்ணே. எனக்கு ஒரு தடவை காயை உருட்டக்கூடக் குடுக்கலையே” என்றான்.

அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. ஆட்டத்தில் இழப்பு உண்டு. அஃது இல்லையெனிற் சுவை இல்லை. ஆனால் இழப்பைப் பகடை தருதல் வேறு, நடத்துவோனது பசி தருதல் வேறு. முன்னையதை ஆடுவோர் பொறுப்பர், பின்னையது தீர்ப்பாகாது.

அன்று மாலை புதிய விதியொன்று வகுத்தோம். இருபது முகப் பகடை எம்மிடம் ஒன்றே இருந்தது. அதுவும் எலி இழுத்த நெல்லோடு போயிற்று. ஆதலின் பாட்டி வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டைகளையே கொண்டோம். இரு கட்டைகளின் முகங்களிலும் சுழி, ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் உள. ஆக 16 வகையாக விழும். இரண்டும் சுழியாயின் பன்னிரண்டு என்பது ஊர்வழக்கு. மூன்றோ அதற்கு மேலோ விழ 11 வழிகள், நான்கோ அதற்கு மேலோ விழ 7 வழிகள், ஐந்தோ அதற்கு மேலோ விழ 4 வழிகள். விதி இது: ஊர்தி விலங்கின் உயிர் ஒரே உருட்டலிற் போகாது. முதலுருட்டல் விலங்கினது: கால் ஊன்றுகின்றதா? தவறின், இரண்டாவது மேலிருப்பவனது: கடிவாளத்தை விடுகின்றானா, பற்றுகின்றானா என்று அவனே சொல்லி உருட்ட வேண்டும். அதுவும் தவறின், மூன்றாவது தோழருள் யாரேனும் ஒருவரது. ஒவ்வொன்றிலும் மூன்று வேண்டுமெனின், மூன்றும் தவறுதல் நூற்றுக்கு மூன்று முறையே நேரும். நேர்ந்தால் எவரும் வாய் திறவார்; ஏனெனின் எல்லார் கையும் அதிற் பட்டிருக்கும்.

நடந்து முடிந்ததை மாற்றலாகாது என்பது ஆட்டத்தாரிடை வழங்கும் கொள்கை. யாமும் அதனை உடன்படுவோம். எனினும் உருட்டாத காயின் முடிவை முடிவென்று யாம் கொள்ளவில்லை. ஆகவே வெள்ளத்தை மீண்டும் வரச் செய்தோம். அவன் வந்து அமர்ந்தான். முதலுருட்டல் இரண்டு; தவறிற்று. ‘கடிவாளத்தை விடுகின்றேன், அது நீந்தத் தெரிந்தது, என் பாரம் வேண்டா’ என்று கூறி இரண்டாவதை உருட்டினான். இரு சுழியும் விழுந்தன.

யானையைப் பற்றியும் ஒரு சொல். வடகரை, மேக்கரைப் பக்கத்து மாணவர்க்கு யானை கற்பனை விலங்கன்று. மலையினின்று இறங்கித் தென்னையையும் வாழையையும் அழிக்கும் அயலார். அடுத்த கதையில் அரசனது யானையை ஏறக் கொடுத்தபோது, குழுவில் ஒருவன், ‘எங்கள் வாழையைத் தின்றவன்மேல் நான் ஏறேன்’ என்று மறுத்துக் கழுதையொன்றைக் கேட்டுப் பெற்றான். அக்கழுதை இன்றும் உயிரோடிருக்கின்றது. செம்பருந்தும் அவ்வாறே, நொண்டுதல் மட்டும் தீரவில்லை.