தொட்டிச் செடியை இடம் மாற்றுதல்
(உறுப்பினர் கல்விப் பகுதி)

நம் சங்க உறுப்பினர்களுள் பயிரிடுவோர்க்கு நாற்றங்காலும் தோப்பும் உண்டு. நெய்வோருள் பலர்க்கு நிலம் என்பது வீட்டு முற்றமும் மாடியுமே. ஆயினும் அவ்விடங்களிலும் இரண்டு மல்லிகைத் தொட்டியோ, ஓர் எலுமிச்சையோ, ஒரு கறிவேப்பிலையோ இல்லாமற் போவதில்லை. பூ தலைக்கு ஆகிறது. மிஞ்சியது தொடுத்து விற்கப்படுகிறது. இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றி வளர்த்த செடி, பெரிய தொட்டிக்கு மாற்றிய பத்தாம் நாளில் வாடிக் கருகிப் போவதுண்டு. வீட்டார் அதனைக் கைராசிக் குறை என்று கூறி மனம் ஆறுகின்றனர். உண்மையில் அது வேரைக் கையாண்ட முறையில் நேர்ந்த குறை. அம்முறையை இங்கே வரிசையாகக் கற்போம்.

வேரின் தொழில்

செடியை நிலைநிறுத்துவது தடித்த வேர். நீரைப் பருகுவதோ அதன் நுனியை அடுத்துள்ள மெல்லிய வேர்த்தூவிகள். இவை கண்ணுக்கு வெண்பஞ்சு போலத் தோன்றும். அமெரிக்கத் தாவரவியலார் டிட்மர், ரை என்னும் தானியச் செடி ஒன்றை இரண்டு கன அடிக்கும் குறைந்த மண் கொண்ட பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, அதன் வேர்களை அளந்து 1937ஆம் ஆண்டில் கணக்கை வெளியிட்டார். வேர்களின் மொத்த நீளம் 387 மைல், அதாவது சுமார் 620 கிலோமீட்டர். வேர்த்தூவிகளோ ஏறத்தாழ 1,400 கோடி. ஒரு பெட்டி மண்ணுக்குள் இத்தனை நூல் ஓடுகிறதென்றால், அம்மண்ணை உதறிக் கொட்டும்போது எவ்வளவு அறுபடும் என்பதை நெய்வோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தறியில் அறுந்த இழையை முடிச்சிட்டு மேலே நெய்யலாம். அறுந்த வேர்த்தூவியை இணைக்க இயலாது. புதிய வேர் நுனி வளர்ந்து, அதில் புதிய தூவி தோன்ற வேண்டும். அதுவரை செடி காத்திருக்க வேண்டும்.

இலையோ காத்திருப்பதில்லை. அது வெயிலிலும் காற்றிலும் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வேர் வரவு, இலை செலவு. வரவு திடீரென நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் எந்தக் குடும்பமும், எந்தச் சங்கமும் நொடிக்கும். செடியும் அவ்வாறே. ஆகவே வரவைக் குறையாமற் காப்பதும், சில நாள் செலவைத் தணிப்பதுமே தொட்டி மாற்றும் கலையின் முழு இரகசியம். இனிக் கூறுவன யாவும் இவ்விரண்டின் விரிவே.

மாற்ற வேண்டிய காலம்

தொட்டியின் அடித்துளை வழியே வேர் வெளியே எட்டிப் பார்த்தல், ஊற்றிய நீர் மண்ணில் தங்காமல் உடனே ஓடிவிடுதல், காலையில் நீர் விட்டும் மாலைக்குள் செடி துவளுதல், புதுத் தளிர் வரவரச் சிறுத்தல் ஆகியவை வேருக்கு இடம் போதாமையின் அடையாளங்கள்.

மல்லிகைக்குக் கார்த்திகை மாதம் ஏற்றது. நவம்பர் இறுதியில் மல்லிகையைக் கவாத்து செய்வது நம் நாட்டு வழக்கம். இலையும் கிளையும் குறைந்த அந்நேரத்தில் நீர்ச் செலவும் குறைவாதலால், தொட்டி மாற்றத்தைச் செடி எளிதில் தாங்கும். பின்னர் எழும் புதுத் தளிர்களிலேயே பூ வரும். பிற செடிகளுக்கு மழை தொடங்கி வெப்பம் தணிந்த நாட்கள் நல்லவை. கத்திரி வெயிலில் எச்செடியையும் தொடலாகாது. எந்த மாதமாயினும் வேலையை மாலையில் வைத்துக்கொள்க. இரவு முழுவதும் செடிக்கு ஓய்வாகும்.

எலுமிச்சை, கறிவேப்பிலை முதலியவற்றின் இலைகளை இதற்கென்று கழிக்க வேண்டியதில்லை. புது வேர் வளரத் தேவையான உணவை ஆக்கித் தருவது இலையே. அவற்றுக்கு நிழல் தந்தாற் போதும்.

தொட்டியும் மண்ணும்

அடிக்கடி மாற்றும் தொல்லை வேண்டாமென்று சிறு செடியை நேரே பெருந்தொட்டியில் வைப்பாருளர். இது தவறு. 6 அங்குலத் தொட்டியிலிருந்து 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றினால் வாய் அகலமே இரு மடங்கு. ஆழமும் அவ்வாறே கூடுமாதலால் மண்ணின் அளவு எட்டு மடங்காகிறது. வேர் எட்டாத அவ்வளவு மண்ணும் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஈரம் நிறைந்த மண்ணில் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாத இடத்தில் வேர் அழுகும். 6 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்திற்கு மாற்றினால் மண் சுமார் 2.4 மடங்கே ஆகும். எனவே சிறு தொட்டிகளுக்கு 2 அங்குலம் கூட்டுதலே அளவு.

மண் தொட்டி புதிதாயின் முன்னாளே நீரில் ஊற வைக்க. உலர்ந்த தொட்டி, செடிக்கு ஊற்றும் நீரைத் தானே உறிஞ்சிவிடும்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இதனைச் சோதித்துப் பார்ப்பது எளிது. நனைந்த துணி மடிப்பைக் கூழாங்கற்களின் மேல் வையுங்கள். துணியில் தேங்கிய ஈரம் கல்லுக்கு இறங்குவதில்லை. நுண்ணிய மண்ணும் அவ்வாறே நீரைப் பிடித்துக்கொள்ளும். கற்பரப்பு, வேர் வளரும் இடத்தைக் குறைத்து, சதுப்பான அடுக்கை மேலே உயர்த்துகிறது. துளையின் மீது மண் ஒழுகாதபடி ஓர் ஓட்டுத்துண்டு கவிழ்த்தாற் போதும். நீர் வடிய வேண்டுமாயின் மண் கலவையையே பொலபொலப்பாக்க வேண்டும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சமபங்காகக் கலப்பது நம் பக்கத்தில் பலர் கையாளும் அளவு. தென்னை நார்க்கழிவு சேர்ப்போர், மக்கியதையும் நீரில் அலசி உப்பு நீக்கியதையுமே சேர்க்க.

செய்முறை

முதல் நாள் மாலையில் பழைய தொட்டிக்கு நீர் விடுக. மறுநாள் மண் உருண்டை குழையாமலும் உதிராமலும் நிற்கும். உலர்ந்த மண் உதிரும். சேறான மண் தன் பாரத்தாலேயே பிளந்து வேரை அறுக்கும்.

சிறு தொட்டியாயின் இடக்கை விரல்களுக்கிடையே தண்டை விட்டு, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கி, தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பைத் திண்ணை ஓரத்தில் மெல்லத் தட்டுக. உருண்டை முழுதாகக் கையில் இறங்கும். பெரிய தொட்டியைப் படுக்க வைத்து, மெல்லிய மூங்கிற் பட்டையை உட்சுவரை ஒட்டிச் சுற்றிவர ஓட்டுக. தண்டைப் பிடித்து இழுத்தல் கூடவே கூடாது. எவ்வாற்றானும் வராவிடில் தொட்டியை உடைத்துவிடுக. தொட்டியை நாளையே வாங்கலாம். மூன்றாண்டுச் செடியை வாங்க இயலாது.

வெளிவந்த உருண்டையின் மண்ணை உதறாமல் வேர்களை நோக்குக. நுனி வெண்மையாயிருப்பின் நலம். கறுத்து, குழைந்து, நாற்றம் வீசும் வேர்களைத் தூய கத்தியால் நீக்குக. வேர்கள் தொட்டிச் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருந்தால் மட்டும் சிறிது கடுமை வேண்டும். மெல்லியவற்றை விரலால் பிரித்து விடலாம். தடித்துச் சுருண்டவற்றை உருண்டையின் பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில், அரை அங்குல ஆழத்தில், மேலிருந்து கீழாகக் கீறி விடுக. வெட்டிய இடத்தின் பின்னிருந்து கிளை வேர்கள் புறப்பட்டுப் புது மண்ணில் ஓடும். காகிதப்பூச் செடிக்கும் பப்பாளிக்கும் இதுவும் ஆகாது. அவற்றின் வேர் தொந்தரவு பொறுக்காது. உருண்டை குலையாமல் அப்படியே வைத்தல் வேண்டும்.

புதுத் தொட்டியில் அடிமண் இட்டு, உருண்டையின் மேற்பரப்பு விளிம்புக்கு ஓரங்குலம் கீழே நிற்குமாறு அமர்த்துக. முன்னிருந்த ஆழத்திற்கு மேல் தண்டைப் புதைக்கலாகாது. பக்கங்களில் மண்ணைச் சிறிது சிறிதாக இட்டு விரலால் மெல்ல அழுத்துக. இடையே பொந்து இருந்தால் வேர் காற்றில் தொங்கி உலரும்; இடித்துக் கெட்டித்தால் மூச்சடைக்கும். பின்னர் அடித்துளையில் வழியும்வரை நீர் ஊற்றி, மண் தாழ்ந்த இடத்தை நிரப்புக.

மாற்றிய பின்

ஏழு முதல் பத்து நாள் வரை நிழலில் வைத்துச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக. மூன்று நான்கு வாரங்களுக்கு உரம் வேண்டாம். சாயமிட்டு மிஞ்சிய நீரை எக்காலத்தும் ஊற்றலாகாது. அதிலுள்ள உப்பும் சோடாவும் வேர் நீர் பருகுவதைத் தடுக்கும்.

புது மண் ஈரமாயிருக்க, நடுவேயுள்ள பழைய உருண்டை உலர்ந்து கிடப்பதுண்டு. எனவே தண்டின் அருகே விரலை விட்டுப் பார்த்து நீர் விடுக. நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும் செடியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மண் ஈரமாயிருந்தும் காலையிலேயே துவண்டு நின்றால் அது வேரழுகலின் குறி. மேலும் நீர் ஊற்றுதல் அதனைக் கொல்லும்.

பயிரிடுவோர்க்கு

பாலித்தீன் பையில் வந்த மா ஒட்டுக்கன்றுக்கும் இவ்விதிகளே பொருந்தும். பையை இழுக்காமல் பிளேடால் கீறி உரிக்க. அடியில் வேர் சுருண்டிருந்தால் அவ்விடத்தைக் கீறிவிட்டே நடுக. சுருளோடு நட்ட கன்று முதலில் செழிப்பது போல் தோன்றினும், வேர் ஊன்றாமையால் சில ஆண்டு கழித்துக் காய்ப்புப் பருவத்தில் காற்றுக்குச் சாயக்கூடும். ஒட்டுக் கட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேலேயே இருத்தல் வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. செடி வாடுவதற்கு வேர், இலை இவற்றின் வரவு செலவு எவ்வாறு காரணமாகிறது?
2. சிறு செடிக்குப் பெருந்தொட்டி தீங்கு செய்வது ஏன்?
3. உங்கள் வீட்டுத் தொட்டிகளுள் எவற்றில் வேர் அடித்துளைக்கு வந்துள்ளது? அவற்றை மாற்ற ஏற்ற மாதம் எது?

வரும் கூட்டத்திற்கு வருமுன் மூன்றாம் வினாவிற்கு விடையைத் தொட்டியருகே குனிந்து பார்த்து வருமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.