வீடு கட்டுமுன் வானத்தைக் கேள்

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நற்செய்தியில் இயேசு கற்பிக்கிறார். வீடு கட்டுவோர் போடவேண்டிய கணக்கு இன்னொன்றும் உண்டு. அது வெயில், காற்று, மழை ஆகியவற்றின் கணக்கு.

இன்று மழை பெய்கிறதா என்பது வானிலை. பல ஆண்டுகளின் வானிலையைத் தொகுத்துச் சராசரி கண்டால் அது காலநிலை. பொதுவாக 30 ஆண்டுகளின் அளவுகளைக் கொண்டு இதைக் கணிப்பர். இந்திய வானிலை ஆய்வுத் துறை இத்தகைய அளவுகளை வெளியிடுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பிரிக்கிறது. நம் புதுச்சேரி வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மண்டலத்தைச் சேர்ந்தது.

இவ்வளவுகள் நமக்குச் சொல்வது என்ன?

முதலாவது, வெயில். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆகவே ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்குச் சற்று வடக்கேயும், டிசம்பரில் நன்கு தெற்கேயும் நிற்கும். இரண்டுமே உயரத்திலிருந்து வரும் வெயில். சன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடு போட்டால் தடுத்துவிடலாம். காலை, மாலை வெயிலோ தாழ்வாகச் சாய்ந்து வரும். அதற்குச் சன்ஷேடு போதாது. எனவே நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்குவதே நன்று.

இரண்டாவது, காற்று. ஈரப்பதம் மிகுந்த ஊரில் வியர்வை எளிதில் உலராது. காற்று பட்டால்தான் உடல் குளிரும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். அது நுழைய ஒரு சன்னல் இருந்தால் மட்டும் போதாது. வெளியேற எதிர்ப்புறமும் வழி வேண்டும்.

மூன்றாவது, மழை. ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,300 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்தது. ஆதலால் சராசரியை மட்டுமன்றி, பெருமழையையும் பார்த்தே தரைமட்டத்தை உயர்த்த வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சிறந்த சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமா, ஃப்ரான்டிஷெக் சாமர் ஆகியோர் உடன் உழைத்தனர். 1937இல் கட்டத் தொடங்கினர். நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. அவற்றில் திருப்பக்கூடிய கான்கிரீட் பலகைகளை வரிசையாக அமைத்தனர். காற்று நுழையும், கடுவெயில் நுழையாது. அறைக் கதவுகளும் இடைவெளியுள்ள தேக்குப் பலகைகளால் ஆனவை. கூரை இரண்டு அடுக்கு, இடையே காற்றோட்டம். அறையைக் குளிர்விக்கும் வேலையைக் கட்டடமே செய்கிறது.

“சாரத்தில் நம் மனையோ சிறியது, தெருவோ மேற்கே இருக்கிறது, என்ன செய்வது?” என்று தோழியர் கேட்கலாம். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கே வைத்தால் அவை படுக்கையறைக்குக் குடையாகும். மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். சமையலறைக்கு எதிரெதிர்ச் சன்னல்கள் வைத்தால், அடுப்பருகே நெடுநேரம் நிற்கும் அம்மாவின் வேதனை குறையும்.

வரைபடத் தாளில் சுவரைத் திருப்ப ஒரு பென்சிலும் ரப்பரும் போதும். கட்டி முடித்தபின் திருப்ப முடியாது; அப்போது ஆண்டுதோறும் மின்கட்டணமாகத் தண்டம் செலுத்த நேரிடும். இன்று புவி மேலும் வெப்பமடைந்து வருகிறது. எனவே பழைய அளவுகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிழலுக்கும் வடிகாலுக்கும் இடம் விடுவது அறிவுடைமை.

அன்புத் தோழியரே, உங்கள் இல்லத்தில் வீடு கட்டும் பேச்சு எழுந்தால், கொத்தனார் நூல் பிடிக்குமுன் நீங்கள் ஒரு திசைகாட்டியை எடுத்துச் செல்லுங்கள். நாம் கற்கும் புவியியல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. குடும்பத்தின் நலத்துக்கும் உரியது.