மறைந்த நகரத் தொகுதிகள்

அகத்திய மலையடிவாரத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்று அருவிக்கரைச் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர்கள். அத்தொகுதி உருவான அதே ஆணையில், தலைநகரின் நடுவே இருந்த மூன்று தொகுதிகள் மறைந்தன.

திருவனந்தபுரத்திற்குச் சட்டமன்ற மரபு பழையது. திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் 1888-இலேயே சட்டமன்றம் ஒன்றை அமைத்தார். எனினும் அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்களே. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தலைத் திருவிதாங்கூர் 1948-இல் கண்டது. 1956-இல் கேரளம் பிறந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் நகரம் திருவனந்தபுரம் 1, திருவனந்தபுரம் 2 என இரு தொகுதிகளாக இருந்தது. இரண்டாவதில் வென்ற பட்டம் தாணுப்பிள்ளை 1960-இல் மாநில முதலமைச்சரானார்.

1977 தேர்தலில் எண்கள் போய்த் திசைகள் வந்தன: வடக்கு, கிழக்கு, மேற்கு. தெற்கு என்றொரு தொகுதி மட்டும் இல்லை; அப்பக்கம் நேமம் தன் பெயரோடு தனித்து நின்றது. மேற்குத் தொகுதியில் 2001-இல் எம்.வி. இராகவனும், 2006-இல் வி. சுரேந்திரன் பிள்ளையும் வென்றனர். அத்தொகுதியின் இறுதித் தேர்தலும் அதுவே.

ஏன் மறைந்தது? ஒரு தொகுதியில் ஒரு இலட்சம் பேரும், அடுத்த தொகுதியில் இரண்டு இலட்சம் பேரும் வாழ்ந்து, இரண்டுக்கும் ஓர் உறுப்பினரே என்றால், முதல் தொகுதியினரின் வாக்கு இரு மடங்கு எடை பெறுகிறது. நகர நடுப்பகுதி முன்பே நிரம்பிவிட, மக்கள் புறநகர்களில் குடியேறினர். ஆகவே நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம், 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி எல்லைகளைத் திருத்தியது. அதன் ஆணை 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இடங்களைக் கூட்ட ஆணையத்திற்கு உரிமையில்லை. 1976-இல் செய்யப்பட்ட 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் எண்ணிக்கையை உறைய வைத்திருந்தது. 2001-இன் 84-ஆம் திருத்தம் அதை மேலும் நீட்டியது. எனவே மாநிலத்தின் மொத்த இடங்கள் மாறவில்லை; இம்மாவட்டத்தின் 14 இடங்களும் 14-ஆகவே நின்றன. திருவனந்தபுரம் வடக்கு, கிழக்கு, மேற்கு, கிளிமானூர், ஆரியநாடு ஆகிய ஐந்தும் நீங்கின. திருவனந்தபுரம், வட்டியூர்க்காவு, காட்டாக்கடை, சிறயின்கீழ், அருவிக்கரை ஆகிய ஐந்தும் வந்தன. இவற்றுக்கான முதல் சட்டமன்றத் தேர்தல் 2011-இல் நடந்தது.

எல்லைக்கோடு மாறினால் தலைவர்களும் இடம் தேடவேண்டும். கிழக்குத் தொகுதியின் வி. சிவன்குட்டி நேமத்தில் நின்று வென்றார்; மேற்கின் சுரேந்திரன் பிள்ளை புதிய திருவனந்தபுரத்தில் தோற்றார். மலையோரத்திலோ, ஆரியநாட்டின் உறுப்பினராயிருந்த ஜி. கார்த்திகேயனே அருவிக்கரையின் முதல் உறுப்பினராகி, சட்டமன்றத் தலைவராகவும் அமர்ந்தார்.

வினாக்கள்

1. வாக்கின் எடை தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவது எப்போது?
2. நகரத் தொகுதிகள் மறைந்தும் மாவட்டத்தின் இடங்கள் குறையாதது ஏன்?
3. உம் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலில் எத்தொகுதியில் வாக்களித்தனர்? கேட்டு எழுதுக.